கேபின் தரை போன பழைய பிக்கப்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

துருப் பிடித்துத் தரை போன பிக்கப் பட்டறைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, "வண்டி எந்தப் பக்கம் ஓடுச்சு அண்ணாச்சி?" என்பதுதான். கடற்கரையில் உவரி, கூட்டப்புளி பக்கம் மீன் ஏற்றிய வண்டியா, செங்கோட்டை பக்கம் சாரலில் நனைந்தே நின்ற வண்டியா, இல்லை 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது வெள்ளத்தில் முங்கிய வண்டியா? மூன்றிலும் ஓட்டை பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் கடற்கரை வண்டியைத் துரு கீழேயிருந்து தின்றிருக்கும், சாரல் வண்டியை மேலேயிருந்து, வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தரையோடு சேர்ந்த மூடிய சட்டங்களுக்குள்ளேயிருந்து. எந்தப் பக்கம் தின்றது என்று தெரியாமல் தகட்டை வெட்டி வெல்டிங் வைத்தால், வாங்கிய தகடும் வீண், கொடுத்த கூலியும் வீண்.

நான் இங்கே சொல்வது 1988-ல் வந்த டாடா மொபைல் 206, அதற்குப் பின் வந்த 207, பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப் போன்ற வண்டிகளுக்கு. இவற்றில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, கேபின் தனி. நடுவில் ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்டிருப்பார்கள், அதைத்தான் கேபின் மவுண்ட் என்போம். இந்தக் காலத்துக் கார் மாதிரி தரைதான் வண்டியின் முதுகெலும்பு என்றில்லை. அதனால் பயமில்லாமல் வெட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். முன் தூணையும் பின் தூணையும் அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது இந்தத் தரைதான். சீட்டும் பெல்ட்டும் இதில்தான் நிற்கின்றன.

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு, செவர்லே பிக்கப்புகளுக்கு அச்சில் அடித்த ஃப்ளோர் தகடே கடையில் கிடைக்கிறது. வாங்கி, வெட்டி, பொருத்திவிடலாம். நம் வண்டிகளுக்குப் பெரும்பாலும் நாமேதான் தகடு வாங்கி, வளைத்து, வரி போட்டு உருவாக்க வேண்டும். ஆகவே கீழே வரும் பல கோளாறுகள் நாம் செய்யும் தகட்டினால் வருபவை.

கால் வைத்தால் தரை அமுங்குகிறது

சீட்டைக் கழற்றுங்கள். கால் மேட்டை (மிதியடி விரிப்பை) மட்டும் ஓரமாக மடக்கிப் பார்ப்பதில் பலனில்லை, எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். போன வருஷம் கடையநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு 207 வந்தது. மேலே ரப்பர் மேட், அதற்கடியில் சிமெண்டுச் சாக்கு, அதற்கும் அடியில் ஒரு கோரைப் பாய். கால் சூட்டுக்காகப் போட்டதாக வண்டிக்காரர் சொன்னார். பாயைத் தூக்கியபோது பாதி பிய்ந்து கையோடு வந்தது, மீதி தகட்டோடு ஒட்டிக்கொண்டது. பாயின் பின்னல், கோரை கோரையாக, துருவில் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. வருஷக்கணக்கில் அந்தப் பாய் ஈரம் காயாமல் தகட்டின் மேல் கிடந்திருக்கிறது.

அடுத்து, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும். மெலிந்த தகடு 'டொப்' என்று அடங்கிவிடும். அடங்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி முனையால் குத்துங்கள். இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றி, தகடு கெட்டியாகத் தட்டுப்படும் இடம் வரை போய், அதற்கு மேலும் ஒரு அங்குலம் தள்ளிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். பெயிண்ட் நன்றாக இருக்கிறதே என்று கோட்டை உள்ளே இழுக்க வேண்டாம். துரு பெயிண்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டி ஓடியிருக்கும். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, தார் பூச்சைச் சுரண்டிவிட்டு அதே சோதனையைக் கீழேயிருந்தும் செய்யுங்கள்.

பேட்ச் போதுமா, முழுத் தகடா என்ற கேள்விக்கு என் கணக்கு இது. உள்ளங்கை அளவுக்குள் ஒரே ஓட்டை, அதுவும் சமமான பரப்பின் நடுவில் என்றால் பேட்ச் போடலாம். ஓட்டை கதவுப் படியின் ஓரத்தையோ, கேபின் மவுண்ட் உட்காரும் இடத்தையோ, சீட் போல்ட்டையோ தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றுங்கள். ஒரே பக்கத்தில் மூன்று பேட்ச் தேவைப்பட்டாலும் முழுத் தகடுதான். மூன்று பேட்ச்சுக்கும் நாலு புறமும் வெல்டிங் ஓரம், துரு பிடிக்க அத்தனை இணைப்பு. "ஒரு பேட்ச் அடிச்சுக் குடுத்துருங்க, போதும்" என்று கேட்பவர்களிடம் இதைக் கோடு போட்டுக் காட்டியே சொல்லுகிறேன்.

மேட்டைத் தூக்கினால் எப்போதும் ஈரம்

தகட்டை வெட்டுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது. பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். தண்ணீர் தேங்கும் இடம் ஒன்று, நுழையும் இடம் வேறொன்று. கண்ணாடி ரப்பரின் மூலையில் நுழைந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து, வயர் கட்டைப் பிடித்து இறங்கி, கடைசியில் கிளச்சுக்குக் கீழே போய்த் தேங்கும்.

கேபினை முழுசாக உலர்த்துங்கள். தரையிலும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள முன்தகட்டின் உள்பக்கத்திலும் சாக்பீஸ் தூளைத் தடவுங்கள். தண்ணீர் ஓடினால் கோடு தெரியும். உள்ளே ஒருவர் டார்ச் லைட்டோடு உட்கார, வெளியே ஒருவர் ஹோஸ் பிடிக்க வேண்டும். எப்போதும் கீழேயிருந்து மேலே போங்கள்: முதலில் கதவின் அடிப்பாகம், பிறகு கதவுக் கண்ணாடி, பிறகு பானெட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள காற்றுத் துவாரம், கடைசியில் முன் கண்ணாடி ரப்பரும் கூரைக் கால்வாயும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷமாவது நின்று பிடிக்க வேண்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது.

நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது காற்றுத் துவார அடைப்புதான். வேப்பமரத்தடியிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் வண்டிகளில் பூவும் இலையும் அந்தத் துவாரத்துக்குள் விழுந்து மக்கி, வடிகால் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். திசையன்விளை பக்கத்துத் தேரி மணல் இன்னும் மோசம். மாவு மாதிரி நைசாக உள்ளே போய், மழை பெய்ததும் இறுகிவிடும். வடிகால் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று, முன்தகடும் தரையும் சேரும் மூலையை அரிக்கும். மேல் சல்லடையைக் கழற்றிக் கையால் அள்ளிவிட்டு, ஹோஸ் விட்டு, கீழே சக்கரத்தின் பக்கம் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கதவு. கண்ணாடி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது எல்லா வண்டியிலும் நடப்பதுதான். அது கதவின் அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போக வேண்டும். கதவு அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிட்டு, அட்டையை மட்டும் மாட்டி அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் கேபினுக்குள்தான் வரும். கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கி வெட்டி ஒட்ட, ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும்.

ஈரம் பெடல் பக்கம் மட்டும், அதுவும் வெயில் காலத்திலும் காயாமல் இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று இருந்து, அந்த இடத்துப் பெயிண்ட் சுருங்கித் தோலாக உரிந்திருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, பிரேக் ஆயில். மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், வெறும் தகட்டில் துரு தானாக ஏறும். இந்த வண்டிக்குத் தகடு அப்புறம், முதலில் பிரேக்.

மேலே நன்றாக இருக்கிறது, கீழே செதில் செதிலாக உதிர்கிறது

இது கடற்கரை வண்டி. ஐஸும் மீனும் ஏற்றினால் பின்னால் இருந்து உப்புத் தண்ணீர் வழி முழுக்கச் சொட்டிக்கொண்டே வரும். தூத்துக்குடி உப்பளப் பக்கம் ஓடிய வண்டிக்கும் இதே கதைதான். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். மழை இல்லாத மாதத்திலும் தகடு நனைந்தே இருப்பதாகத்தான் அர்த்தம்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, வந்தவுடன் கிரைண்டரைப் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வந்ததும் பிரைமர் அடிப்பது. துரு குழிகுழியாக அரித்த தகட்டில் உப்பு அந்தக் குழிகளின் அடியில் உட்கார்ந்திருக்கும். கிரைண்டர் குழிக்கு வெளியே மேடாக இருக்கும் பரப்பைத்தான் தேய்க்கும். பெயிண்டுக்குக் கீழே அடைபட்ட உப்பு கொஞ்ச நாளில் கொப்புளமாகக் கிளம்பும். அதனால் செதில்களைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டு, நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவுங்கள். காயவிடுங்கள், வயர் பிரஷ் போடுங்கள், திரும்பவும் கழுவுங்கள். நான் இரண்டு மூன்று தடவை செய்வேன். எங்கள் ஊர் வெயிலில் தகடு காய அரை நாள் போதும். கழுவும் தண்ணீர் ஆற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ இருக்கட்டும். கடற்கரை ஊர்களில் சில கிணறுகள் உப்பாக இருக்கும், அதைக் கொண்டு கழுவ வேண்டாம்.

கழுவின பிறகு தகட்டின் கனம் பாதியாகக் குறைந்திருந்தால் அதைக் காப்பாற்றப் பார்க்காமல் வெட்டிவிடுங்கள்.

தட்டினால் 'பொத்' என்று சத்தம், ஓட்டையிலிருந்து மண் உதிர்கிறது

2023 டிசம்பர் 17, 18-ல் வந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்த அறிகுறியோடு வந்த வண்டிகள் கொஞ்சமில்லை. மேலே சேற்றைக் கழுவி, எஞ்சின் ஆயில் மாற்றி, ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் கதவுப் படி என்பது நான்கு பக்கமும் மூடிய ஒரு நீளப் பெட்டி. தரைக்குக் கீழே குறுக்கே ஓடும் சட்டங்களும் அப்படித்தான். ஆற்று வண்டல் அவற்றுக்குள் நுழைந்து படிந்துவிட்டது. வெளியே காய்ந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் சதசதவென்றே இருக்கும். ஒரு வண்டியின் கதவுப் படியை நான் அறுத்தபோது, உள்ளேயிருந்து கரிய வண்டல் கட்டி கட்டியாக விழுந்தது. வெள்ளம் வடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் விரலால் அழுத்தினால் ஈரம் ஒட்டியது.

வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, பெட்டியின் ஒரு முனையில் ஹோஸைச் சொருகித் தண்ணீர் விடுங்கள். மறுமுனையில் கலங்கல் நின்று தெளிவாக வரும்வரை விட வேண்டும். வழி இல்லாவிட்டால் அடிப்பக்கத்தில் 12 எம்.எம். ஓட்டை ஒன்று போடலாம். வேலை முடிந்ததும் ரப்பர் மூடி போட்டு அடைத்துக்கொள்ளலாம். பிறகு கம்ப்ரசர் காற்று அடித்து உலர்த்துங்கள். மண்ணும் ஈரமும் உள்ளே இருக்கும்போது வெல்டிங் வைத்தால் ஆவி கிளம்பி வெல்டிங் நுரைத்துப்போகும். தகடு ஒட்டியது போலத் தெரியும், ஆனால் பிடித்திருக்காது.

தரையை வெட்டிய பிறகு கதவு சாத்தவில்லை

இதைப் படிக்கிறவர்கள் வெட்டுவதற்கு முன்னாலேயே படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தொழில் கற்ற புதிதில் இரண்டு பக்கத் தரையையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன். அன்று சாயங்காலம் டிரைவர் பக்கக் கதவு, பூட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் ஏறி நின்றது. கீலைத் தளர்த்திக் கதவை இறக்கி எப்படியோ சாத்த வைத்து, அதே நிலையில் புதுத் தகட்டையும் வெல்டிங் வைத்து முடித்தேன். கதவு சாத்தியது. ஆனால் முன் கண்ணாடி உட்காரவில்லை. சட்டமே கோணி இருந்தது. எல்லாவற்றையும் திரும்ப வெட்டினேன். வண்டிக்காரருக்கு இரண்டு வாரம் தாமதம், வெட்டிக் கொட்டிய தகட்டின் செலவு என் கையிலிருந்து போனது.

செய்ய வேண்டிய முறை இது. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஜாக்கி சேஸிஸுக்குத்தான், கேபினுக்கு அல்ல. கேபின் மவுண்ட் போல்ட்டுகள் இறுக்கமாகவே இருக்கட்டும். நல்ல கதவு மாட்டியிருக்கும்போதே அளவு எடுங்கள்: கதவு வாசலின் இரண்டு மூலைவிட்டங்கள், முன் தூணிலிருந்து பின் தூணுக்கு மேலும் கீழும், இடது தூணிலிருந்து வலது தூணுக்கு. சில எண்கள்தான். மார்க்கரால் டேஷ்போர்டிலேயே எழுதி வையுங்கள், நோட்டில் எழுதினால் தேட வேண்டியிருக்கும். பிறகு ஒரு அங்குலச் சதுர பைப்பை வாசலுக்குக் குறுக்கே மூலைவிட்டமாகவும், இடமிருந்து வலமாகக் கேபினுக்குள் ஒன்றும் தற்காலிகமாக வெல்டிங் வைத்துத் தாங்கு கொடுங்கள். கதவைச் சாத்திப் பார்க்க வழி விட்டு, பைப்பைக் கொஞ்சம் உள்பக்கமாக வைப்பது நல்லது. ஒரு பக்கத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து, முழுசாக முடித்த பிறகுதான் மறுபக்கம்.

ஏற்கெனவே கோணிவிட்டால் கீலைத் தொடாதீர்கள். வைத்த வெல்டிங் புள்ளிகளை அறுத்துவிட்டு, குறைந்திருக்கும் மூலைவிட்டத்தில் திருகு ஜாக்கியையோ பாட்டில் ஜாக்கியையோ கட்டை வைத்துக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். தகட்டுக்குத் திரும்பும் குணம் உண்டு, அளவைத் தாண்டி ஒரு நூல் அதிகம் தள்ளி விட்டால்தான் சரியான இடத்தில் வந்து நிற்கும். எண்கள் பழையபடி வந்ததும் பைப் தாங்கலை வைத்துவிட்டு மேற்கொண்டு போகலாம்.

பழைய தகட்டைப் பிரிப்பதற்கும் ஒரு வார்த்தை. கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை உளியால் பிளந்தால் கீழே இருக்கும் நல்ல சட்டமும் கிழியும். ஒவ்வொரு புள்ளியிலும் பஞ்ச் அடித்து, 8 எம்.எம். பிட்டால் மேல் தகட்டை மட்டும் துளைத்தால் தகடு தானாகக் கழன்று வரும். புதுத் தகட்டிலும் அதே இடங்களில் ஓட்டை போட்டு, கீழ்ச் சட்டத்தோடு சேர்த்து அந்த ஓட்டைகளை வெல்டிங்கால் நிரப்பினால் பழையபடியே பிடிக்கும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் வெல்டிங் மெஷினை ஆன் செய்ய வேண்டாம். தரைக்குக் கீழே டீசல் பைப்பும் பிரேக் பைப்பும் வயரும் ஓடும். அவற்றைக் கழற்றி ஒதுக்கி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் வைத்தால் ஓட்டை விழுகிறது

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். பழைய தகடு இன்னும் மெலிசாக இருக்கிறது, அதாவது சாக்பீஸ் கோட்டை உள்ளே போட்டுவிட்டீர்கள். இன்னும் ஒரு அங்குலம் வெட்டிப் பாருங்கள். அல்லது குச்சி (ராட்) பிடித்துச் செய்யும் ஆர்க் வெல்டிங்கால் இந்த வேலையைச் செய்யப் பார்க்கிறீர்கள். சேஸிஸுக்கு அது சரி, கேபின் தகட்டுக்குச் சூடு அதிகம். மெஷினே மெல்லிய வயரைத் தள்ளிக் கொடுக்கும் சி.ஓ.2 வெல்டிங்தான், அதுவும் 0.8 எம்.எம். வயர் போட்டு, இதற்கு ஏற்றது. கேஸ் வெல்டிங்கில் கை பழகிய மேஸ்திரிகள் அழகாகச் செய்வார்கள், ஆனால் சூடு பரந்து தகடு நெளியும். மூன்றாவது காரணம், இரண்டு தகட்டுக்கும் இடையில் சந்து. சந்தில் வெல்டிங் நிற்காது. வைஸ் கிரிப்பால் அழுத்திப் பிடித்துவிட்டு வையுங்கள். ஓட்டை விழுந்த இடத்துக்குப் பின்னால் ஒரு செம்புத் தகட்டை வைத்து நிரப்பினால், செம்பில் வெல்டிங் ஒட்டாது, ஓட்டை மூடிக்கொள்ளும்.

துருப் பிடிக்காது என்று ஜி.ஐ. தகடு, அதாவது நாகம் பூசிய தகடு, வாங்கி வருபவர்கள் உண்டு. அதில் வெல்டிங் வைத்தால் பொரிந்து தெறிக்கும், வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஜி.ஐ. தகடுதான் வேண்டும் என்றால் ஓரத்தில் ஒரு அங்குலத்துக்கு நாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். கேஜ் எண் கூடினால் தகடு மெலிசு. எனக்குப் பிடித்தது பூச்சில்லாத 18 கேஜ் சி.ஆர். தகடு, அதாவது 1.2 எம்.எம். 20 கேஜ் மெலிசு, கால் பாரத்துக்கு ஆடும். 16 கேஜ் போட்டால் பலம் என்று கேட்பார்கள். பக்கத்திலுள்ள பழைய தகடு மெலிசாக இருக்கும்போது கனத்த தகட்டை அதோடு இணைத்தால், வெல்டிங் ஓரத்தில் பழைய தகடுதான் விரிசல் விடும்.

மிதித்தால் 'டப்' என்று உள்ளே போய் வெளியே வருகிறது

புதுத் தகடு, நல்ல வெல்டிங், ஆனால் தகர டப்பா மாதிரி சத்தம். வெல்டிங் சூட்டில் ஓரம் சுருங்கி, நடுவில் தகடு உப்பி நிற்கிறது. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுத்தால் இதுதான் நடக்கும்.

ஓரம் முழுக்க இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். பிறகு ஒரு அங்குலம் இங்கே, அடுத்த ஒரு அங்குலம் எதிர்மூலையில் என்று மாற்றி மாற்றி, கை வைத்தால் தாங்கும் சூடு வரும்வரை காத்திருந்து நிரப்புங்கள். நேரம் பிடிக்கும். தண்ணீர் ஊற்றி ஆற வைக்க வேண்டாம், நெளிவு இன்னும் கூடும். ஏற்கெனவே உப்பிவிட்டால், உப்பிய நடுவை அடிக்காதீர்கள். சுருங்கியது வெல்டிங் ஓரம், நீட்ட வேண்டியது அதைத்தான். அடியில் டாலி (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை) பிடித்து, வெல்டிங் கோட்டின் மேல் சுத்தியலால் இலேசாக அடித்துக்கொண்டே போனால் இறுக்கம் விட்டு, நடு தானாக இறங்கும்.

பழைய தகட்டில் நீளநீளமாக ஓடும் வரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்கு இல்லை. சமத் தகடு ஆடும், வரி போட்ட தகடு விறைக்கும். தகடு வளைக்கும் பட்டறையில் கொடுத்து, பழைய தகட்டை மாதிரியாகக் காட்டி, அதே இடங்களில் வரி போட்டு வாங்குங்கள். முதலில் அட்டையில் வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்து, வளைவும் ஓட்டையும் குறித்த பிறகு தகட்டுக்குப் போனால் வீணாகாது. கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரிக் கெட்டியான அட்டையை ஒட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

சீட் கோணல், கியர் லீவர் உரசுகிறது

தகடு வைக்கும்போது சீட்டை ஒரு தடவையாவது மாட்டிப் பார்த்திருந்தால் இது வராது. புள்ளி வெல்டிங் மட்டும் வைத்த நிலையில் சீட், பெடல், கியர் லீவர், ஆக்ஸிலரேட்டர் எல்லாவற்றையும் மாட்டி, அசைத்துப் பார்த்துவிட்டு முழு வெல்டிங்குக்குப் போங்கள். சீட்டும் பெல்ட்டும் பிடிக்கும் இடங்களில் கம்பெனி ஒரு கனத்த தகட்டை அடியில் வைத்திருக்கும். அதை விட்டுவிட்டு 18 கேஜ் தகட்டில் மட்டும் போல்ட் போட்டால், பிரேக் பலமாகப் பிடிக்கும் ஒரு நாளில் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். பழையதை எடுத்துத் திரும்பப் பொருத்துங்கள், அது துருத்திருந்தால் அதே கனத்தில் புதிது வெட்டுங்கள்.

ஓடும்போது கேபினுக்குள் புகை வாசம்

இதைத் தள்ளிப்போட வேண்டாம். சைலன்சர் பைப் தரைக்குக் கீழேதான் போகிறது. வயரும் கேபிளும் நுழையும் ஓட்டைகளில் ரப்பர் போடாமல் விட்டிருந்தாலும், தகடுகள் சேரும் இடத்தில் சந்தை அடைக்கும் சீலன்ட் இல்லாவிட்டாலும் புகை உள்ளே ஏறும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ராத்திரி ஓட்டுகிறவர், தனக்குத் தலைவலியும் தூக்கமும் வருவது சோர்வினால் என்று நினைத்துக்கொள்வார். ராத்திரி கேபினுக்குள் விளக்கு வைத்துவிட்டு அடியில் போய்ப் பாருங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கெல்லாம் புகைக்கும் வழி உண்டு, தண்ணீருக்கும் வழி உண்டு. கூடவே சைலன்சர் ஜாயிண்டுகளையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு வருஷத்தில் வெல்டிங் ஓரமாகப் பழுப்பு நீர் வழிகிறது

இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படியும் சந்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது. வெல்டிங் வைக்கும் முன் அந்தச் சந்துக்குள் நாகப் பிரைமர் பூசாமல் விட்டிருப்பார்கள். வெல்டிங் முடிந்ததும் சீலன்ட் போடாமல் நேராகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். ரெட் ஆக்சைடு அடித்தாயிற்று, போதும் என்று நினைப்பதும் ஒரு காரணம். ரெட் ஆக்சைடு ஒரு அடிப்பூச்சு, ஈரத்தை முழுசாகத் தடுக்காது. அதற்கு மேலே பெயிண்ட் வர வேண்டும். கடற்கரை வண்டிக்கு எபாக்சி பிரைமரே போடுங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை.

வரிசை இப்படி: வெல்டிங் தேய்த்துச் சுத்தம், எபாக்சி பிரைமர், எல்லா இணைப்பிலும் மேலும் கீழும் சீலன்ட், பெயிண்ட், கடைசியில் அடியில் தார்ப் பூச்சு. தார்ப் பூச்சை ஈரத் துருவின் மேல் அடித்தால் அது மூடி போட்ட பாத்திரம் மாதிரி, உள்ளே துரு நிம்மதியாக வளரும். வடிகால் ஓட்டைகளில் பூச்சு ஏறி அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பாருங்கள். மூடிய பெட்டிகளுக்குள், வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு, நீண்ட குழாய் வைத்த ஸ்ப்ரேயால் மெழுகுப் பூச்சோ கெட்டியான ஆயிலோ அடியுங்கள். வெல்டிங் சூட்டில் உள்ளே எரிந்துபோன பெயிண்டை வேறெந்த வழியிலும் எட்ட முடியாது.

மேட்டை உடனே போட வேண்டாம். திரும்பவும் சாக்பீஸ் தூள் தடவி, அதே ஹோஸ் சோதனையைக் கீழேயிருந்து மேலே செய்யுங்கள். நான் வண்டிக்காரர்களிடம் முதல் மழை வரைக்கும் வெறும் தரையோடு ஓட்டச் சொல்லித்தான் சாவியைக் கொடுக்கிறேன். கடையநல்லூர் அண்ணாச்சி சாரல் முடிந்ததும் வந்தார். தரை காய்ந்துதான் இருந்தது. "கால் சுடுதே, பாயைப் போட்டுக்கிடட்டா?" என்று கேட்டார். ரப்பர் மேட் மட்டும் போடுங்கள், அதையும் வாரம் ஒரு தடவை தூக்கி வெயிலில் போடுங்கள், பாய் மட்டும் வேண்டாம் என்றேன்.